டொமினிக் ஹாஷெக்கின் கோல்கீப்பர் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொமினிக் ஹாஷெக் யார்?

1965 ஜனவரி 29 அன்று, அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பார்துபிட்ஸெ நகரில் பிறந்த ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் (இனி என்.எச்.எல்.) சிகாகோ, பஃபலோ, டெட்ராய்ட், ஒட்டாவா ஆகிய நான்கு அணிகளுக்காக 735 ஆட்டங்கள் ஆடி, 389 வெற்றிகளும் ஒரு கோல்கூட விடாத 81 ஆட்டங்களும் கண்டவர். லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரப்படும் ஹார்ட் கோப்பையை இரண்டு முறை பெற்ற ஒரே கோல்கீப்பர் இன்றுவரை இவர்தான். இத்தனை பெருமைக்கும் உரிய மனிதர் தம் இருபத்தெட்டாவது வயது வரை என்.எச்.எல்.லில் முதல்நிலை இடத்தைப் பிடிக்கவில்லை என்பதே இந்தப் பக்கத்தை எழுதத் தூண்டியது.

ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பரின் வேலை மற்றவர்களின் வேலையிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

ஒரு நேரத்தில் ஓர் அணிக்கு ஆறு பேர் பனித்தளத்தில் நிற்பார்கள். அவர்களில் ஐவர் முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சிரைக்க வெளியேறிப் பெஞ்சில் அமர, அவர்கள் இடத்தில் புதியவர்கள் குதித்து உள்ளே வருவார்கள். ஆறாவது ஆளான கோல்கீப்பருக்கு மாற்று இல்லை. மூன்று இருபது நிமிடப் பகுதிகளும், ஆட்டம் சமநிலையில் நின்றால் அதற்கு மேலும், அவர் ஒருவரே நிற்க வேண்டும். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பரைப் போல என்று சொல்லலாம்; ஆனால் விக்கெட் கீப்பர் ஒரு பந்தைத் தவறவிட்டால் பெரும்பாலும் நான்கு ஓட்டங்களோடு முடிந்துவிடும், இங்கே அரங்கமே விளக்கெரித்துச் சங்கூதி அந்தத் தவறை ஊருக்கு அறிவிக்கும்.

அவர் காக்கும் கோல் ஆறடி அகலமும் நான்கடி உயரமும் கொண்டது. அதை நோக்கி வருவது பந்தன்று, 'பக்' எனப்படும் ரப்பர் வட்டு: மூன்று அங்குல விட்டம், ஓர் அங்குலத் தடிமன், ஏறத்தாழ 160 கிராம் எடை. துள்ளாமல் வழுக்கிச் செல்வதற்காக ஆட்டத்துக்கு முன்பே அதை உறைய வைத்துவிடுகிறார்கள். மணிக்கு 150 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில், நடுவே நிற்கும் நாலைந்து பேரின் கால்களுக்கு இடையிலிருந்து அது வெளிப்படும்போது, பார்த்த பிறகு அசைவது என்பது இயலாத காரியம். எங்கே வரும் என்பதை அடிப்பவரின் தோள், மட்டையின் கோணம், அவருக்குப் பக்கத்தில் யார் காலியாக நிற்கிறார் என்பவற்றிலிருந்து முன்கூட்டியே கணித்தாக வேண்டும்.

இவ்வளவு ஆபத்தான இடத்தில் முன்பு முகமூடிகூட இல்லாமல் நின்றார்களா?

ஆம். 1959 நவம்பர் 1 அன்று நியூயார்க்கில் நடந்த ஆட்டத்தில், ரேஞ்சர்ஸ் அணியின் ஆண்டி பாத்கேட் அடித்த வட்டு மாண்ட்ரியால் கோல்கீப்பர் ஜாக் பிளாண்டின் முகத்தைக் கிழித்தது. தையல் போட்டுக்கொண்டு திரும்பிய பிளாண்ட், பயிற்சியில் மட்டும் அணிந்துவந்த முகமூடியை ஆட்டத்திலும் அணிய விட்டால்தான் மீண்டும் களம் இறங்குவேன் என்றார். அணியில் அன்று மாற்றுக் கோல்கீப்பர் இல்லாததால் பயிற்றுநர் வேறு வழியின்றி ஒப்புக்கொண்டார். அதற்கு முன் 1930-இல் கிளின்ட் பெனடிக்ட் என்பவர் தோல் முகமூடியைச் சில ஆட்டங்களில் அணிந்து பார்த்திருந்தாலும், வழக்கமாக நிலைபெற்றது பிளாண்டுக்குப் பிறகுதான். ஹாஷெக் கடைசிவரை அணிந்தது ஓவியம் தீட்டிய நவீன முகமூடியன்று; தலைக்கவசமும் அதன் முன் கம்பிக் கூண்டும் சேர்ந்த பழைய பாணிக் கவசம்.

ஹாஷெக் எப்படிக் கோல்கீப்பர் ஆனார்?

தற்செயலாக. அவருக்கு ஆறு வயதாகும்போது தந்தை அவரை உள்ளூர் அணியின் தேர்வுக்கு அழைத்துச் சென்றார். பையனிடம் முறையான ஸ்கேட்டிங் காலணிகள்கூடக் கிடையாது. சாதாரணக் காலணியின் அடியில் திருகாணியால் முடுக்கிய இரும்புத் தகடுகளோடு வந்திருந்தான். அன்று ஒன்பது வயதுச் சிறுவர்களின் குழுவுக்குக் கோல்கீப்பர் இல்லை. வயதுக்கு மீறிய உயரம் இருந்ததால் ஆறு வயதுப் பையனை அவர்களோடு நிறுத்தினார்கள். அவன் அங்கிருந்து நகரவே இல்லை.

பத்தாண்டு கழித்து, 1981-இல், பதினாறு வயதிலேயே பார்துபிட்ஸெ அணிக்காக நாட்டின் முதல்நிலை லீக்கில் இறங்கினார். அந்த லீக்கின் வரலாற்றில் அதுவரை அவ்வளவு இளைய வயதில் யாரும் ஆடியதில்லை. 1987-இலும் 1989-இலும் பார்துபிட்ஸெ பட்டம் வென்றது. 1986 முதல் 1990 வரை தொடர்ந்து ஐந்தாண்டுகள் நாட்டின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெயர் அவருக்கே கிடைத்தது. இதற்கிடையே செக் மொழியும் வரலாறும் கற்பிக்கும் ஆசிரியர் படிப்பையும் முடித்தார். கட்டாய இராணுவச் சேவைக் காலத்தை, அன்றைய வழக்கப்படி, இராணுவத்தின் அணியான டுக்லா யிஹ்லவாவுக்கு ஆடிக் கழித்தார்.

அப்படியானால் 1983-இல் என்.எச்.எல். அவரை 199-ஆவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது ஏன்?

என்.எச்.எல்.லின் 'டிராஃப்ட்' என்பது ஐ.பி.எல். ஏலம் போன்றதன்று. பணம் கூறுவதில்லை, அணிகள் முறைவைத்து ஒவ்வோர் இளம் ஆட்டக்காரராகப் பெயர் சொல்லி உரிமை எடுத்துக்கொள்ளும். சிகாகோ அணி பத்தாவது சுற்றில், 199-ஆவதாக ஹாஷெக்கின் பெயரைச் சொன்னது. தாம் தேர்வானதே பல மாதங்கள் கழித்துத்தான் அவருக்குத் தெரியவந்தது.

திறமையைக் குறைத்து மதிப்பிட்டதாக மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. அன்று செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி. 1980-இல் ஸ்டாஸ்ட்னி சகோதரர்களான பீட்டரும் ஆண்டனும் செய்ததுபோலத் தப்பியோடினால் ஒழிய, இளம் ஆட்டக்காரர் ஒருவர் வட அமெரிக்காவுக்கு வர வழியில்லை. ஓடியவர் ஊர் திரும்புவதும் நடவாது. வருவாரா என்றே தெரியாத ஒருவருக்காக எந்த அணியும் நல்ல சுற்றை வீணாக்காது. ஹாஷெக் ஓடவில்லை. 1989 நவம்பரில் ஆட்சி வீழ்ந்த பிறகு, 1990-இல் முறைப்படி சிகாகோ வந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

இதில் இன்னொரு பொதுவான உண்மையும் உண்டு. கோல்கீப்பர்களைப் பதினெட்டு வயதில் எடைபோடுவது மற்ற ஆட்டக்காரர்களை எடைபோடுவதைவிடக் கடினம். ஹென்ரிக் லுண்ட்க்விஸ்ட் 2000-இல் 205-ஆவதாகவும், பெக்கா ரின்னே 2004-இல் 258-ஆவதாகவும் தேர்வானவர்கள்; இருவருமே பின்னாளில் லீக்கின் சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா கோப்பையை வென்றார்கள்.

சிகாகோவில் அவருக்கு ஏன் இடம் கிடைக்கவில்லை?

ஓர் அணியில் ஒரு கோல்தான் இருக்கிறது என்பதே சுருக்கமான விடை. தாக்குதல் ஆட்டக்காரர் சற்றுச் சறுக்கினால் நான்காம் வரிசையில் ஆடலாம். கோல்கீப்பருக்கு வரிசைகள் கிடையா. நிற்பவர் ஒருவர், பெஞ்சின் ஓரத்தில் தொப்பி அணிந்து கதவைத் திறந்து மூடிக்கொண்டிருப்பவர் ஒருவர். 1990-91 பருவத்தில் சிகாகோவின் கோலில் எட் பெல்ஃபோர் நின்றார். அந்த ஆண்டு 74 ஆட்டங்களில் இறங்கிய அவர், சிறந்த புதுமுகத்துக்கான விருதையும் வெசினா கோப்பையையும் சேர்த்தே வென்றார். அப்படிப்பட்டவரை எந்தப் பயிற்றுநர் உட்கார வைப்பார்?

தன் நாட்டில் ஐந்தாண்டுகள் முதல்வராக இருந்த ஹாஷெக்கை இரண்டாம் நிலை லீக்கில் ஆடிய இண்டியனாபொலிஸ் அணிக்கு அனுப்பினார்கள். இரண்டு பருவங்களில் சிகாகோவுக்காக அவர் ஆடியது வெறும் 25 ஆட்டங்கள். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று அவர் யோசித்த காலம் அது. சோவியத் நாட்டின் புகழ்பெற்ற கோல்கீப்பரான விளாடிஸ்லாவ் டிரெட்டியாக் அப்போது சிகாகோவின் கோல்கீப்பர் பயிற்றுநராக இருந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. என்.எச்.எல்.லின் பட்டமான ஸ்டான்லி கோப்பைக்கான 1992 இறுதித் தொடரின் நான்காவது ஆட்டத்தில் பெல்ஃபோர் தொடக்கத்திலேயே தடுமாற, ஹாஷெக் உள்ளே அனுப்பப்பட்டார். பிட்ஸ்பர்க் அந்த ஆட்டத்தையும் கோப்பையையும் வென்றது. அடுத்த ஆகஸ்டில் சிகாகோ அவரை பஃபலோவுக்குக் கொடுத்துவிட்டு, ஸ்டெஃபான் போரெகார் என்ற கோல்கீப்பரையும் ஒரு டிராஃப்ட் வாய்ப்பையும் பெற்றுக்கொண்டது. விளையாட்டு வரலாற்றில் நடந்த நட்டக் கணக்குகளில் இதற்கு முன்வரிசையில் இடம் உண்டு.

பஃபலோவில் திருப்பம் எப்படி ஏற்பட்டது?

இன்னொருவரின் காயத்தால். பஃபலோவிலும் அவருக்கு முன்னால் ஒரு பெரிய பெயர் இருந்தது: எட்மண்டன் அணியோடு பல ஸ்டான்லி கோப்பைகளை வென்ற கிராண்ட் ஃபியூர். 1993-94 பருவத்தில் ஃபியூர் காயமடைந்து விலக, ஹாஷெக்குக்குத் தொடர்ந்து நிற்கும் வாய்ப்பு அமைந்தது. பருவம் முடியும்போது அவர் விட்ட கோல்களின் சராசரி, ஆட்டத்துக்கு 1.95. இரண்டுக்குக் குறைவான சராசரியை 1973-74-இல் பெர்னி பேரண்டுக்குப் பின் யாரும் தொட்டிருக்கவில்லை. ஹாஷெக்குக்கு முதல் வெசினா கோப்பை அந்த ஆண்டு கிடைத்தது. அதன்பின் ஃபியூருக்கு அங்கே அவருடைய இடம் திரும்பக் கிடைக்கவே இல்லை.

கோல்கீப்பர்களின் வாழ்க்கையில் இது விதிவிலக்கன்று, ஏறக்குறைய விதியே. ஒருவர் உள்ளே வர மற்றொருவர் விழ வேண்டும். அதனால்தான் ஒரே அணியின் இரு கோல்கீப்பர்கள் ஒருவரையொருவர் உற்சாகப்படுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் சற்று வியப்பாக இருக்கும்.

இரு கோல்கீப்பர்களும் காயமடைந்தால் என்ன செய்வார்கள்?

அரங்கில் எப்போதும் ஓர் அவசரக் கோல்கீப்பர் காத்திருப்பார். பெரும்பாலும் தொழில்முறை ஆட்டக்காரர் அல்லாதவர். 2020 பிப்ரவரி 22 அன்று டொரன்டோவில் கரோலினா அணியின் இருவருமே அடிபட, பனியைச் சீராக்கும் வண்டியை ஓட்டிவந்த 42 வயது டேவிட் ஏயர்ஸ் இறங்கினார். எட்டு அடிகளைத் தடுத்து வெற்றியையும் பெற்றுத் தந்தார்.

எழுபது தடுப்புகள் செய்த அந்த ஆட்டம் எது?

1994 ஏப்ரல் 27, பஃபலோவின் பழைய மெமோரியல் அரங்கம். ஸ்டான்லி கோப்பைக்கான முதல் சுற்றில், நியூஜெர்ஸி டெவில்ஸுக்கு எதிரான ஏழு ஆட்டத் தொடரின் ஆறாவது ஆட்டம். தோற்றால் பஃபலோ வீட்டுக்குப் போக வேண்டும். எதிர்ப்பக்கத்தில் நின்றவர் அப்போது இருபத்தொரு வயதே ஆன மார்டின் புரோடியூர். அறுபது நிமிடம் முடிந்தது, கோல் இல்லை. கூடுதல் நேரம் ஒன்று, இரண்டு, மூன்று என ஒவ்வொன்றாகக் கழிந்தன. அப்போதும் கோல் இல்லை.

இந்த நிலையில் கோல்கீப்பரின் உடலில் என்ன நடக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைய கால் பேட்கள் வியர்வையை உறிஞ்சி நேரம் ஆக ஆகக் கனத்துக்கொண்டே போகும். ஒவ்வொரு தடுப்புக்கும் முழங்காலில் விழுந்து எழ வேண்டும். எழுபது தடுப்பு என்றால் விழுந்து எழுவதும் குறைந்தது அத்தனை முறை, அடி வராமல் போன பொய்ப் பாய்ச்சல்கள் தனி. கால்கள் சோர்ந்தால் எழும் வேகம் அரை நொடி குறையும், அந்த அரை நொடியில்தான் கோல் விழும். ஹாஷெக் அன்று 70 அடிகளைத் தடுத்தார், புரோடியூர் 49. நான்காவது கூடுதல் பகுதியின் ஆறாவது நிமிடத்தில், நள்ளிரவும் தாண்டிய பின், டேவ் ஹானன் அடித்த கோலில் பஃபலோ 1-0 என வென்றது. ஏழாவது ஆட்டத்தில் பஃபலோ தோற்று வெளியேறிவிட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அவருடைய ஆட்டமுறை விதிக்குப் புறம்பானது, அதிர்ஷ்டத்தை நம்பியது என்பார்களே?

முதல் முறை பார்ப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். கரையில் விழுந்த மீனைப் போலத் துடித்துக்கொண்டிருப்பார். அந்தக் காலத்தில் கனடாக் கோல்கீப்பர் பாட்ரிக் ருவா பரப்பிய 'பட்டர்ஃபிளை' முறை வேகமாக வேரூன்றிக்கொண்டிருந்தது: முழங்கால்களைச் சேர்த்து, கணுக்கால்களை இருபுறமும் விரித்து, வட்டு பெரும்பாலும் வரும் கீழ்ப்பகுதியை அடைத்துவிடுவது. அது கணக்கும் ஒழுங்கும் கொண்ட முறை. ஒருவருக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடியது.

ஹாஷெக்கின் முறையை யாருக்கும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. ஒரு காட்சியை எடுத்துக்கொள்ளலாம். இடப்பக்கம் அடித்த வட்டை அவர் தடுக்கிறார். அது தெறித்து வலப்பக்கம் காலியாக நிற்கும் எதிரியின் மட்டைக்குப் போகிறது. வழக்கமான கோல்கீப்பர் எழுந்து, வழுக்கி, மீண்டும் குனிவார். ஹாஷெக் எழமாட்டார். இருந்த இடத்திலேயே முதுகில் புரண்டு, இரு கால்களையும் காற்றில் சுழற்றி, பேட்களைச் சுவர்போல எதிர்ப்பக்கம் கொண்டுவந்து நிறுத்துவார். சில வேளைகளில் மட்டையைக் கைவிட்டு, பிளாக்கர் எனும் தட்டையான கவசம் அணிந்த வலக்கையின் விரல்களாலேயே வட்டைப் பொத்திப் பிடிப்பார். மட்டையைக் கைவிடுவது கோல்கீப்பருக்குப் பெரும்பிழை என்று கற்றுக்கொண்டவர்களுக்கு அது கண்ணை உறுத்தியது.

ஆனால் அது அதிர்ஷ்டம் என்றால், அதே அதிர்ஷ்டம் ஆண்டுக்கு அறுபது எழுபது ஆட்டங்களில் தவறாமல் வருவதை விளக்க முடியாது. இரண்டாவது அடி எங்கே வரும் என்பதை, முதல் அடியைத் தடுக்கும்போதே அவர் அறிந்திருந்தார். அந்த இடத்துக்குக் குறுகிய வழி எழுந்து செல்வதன்று, உருள்வதே. அசாதாரணமாக வளையும் இடுப்பும் முழங்காலும் அதற்கு இடம் கொடுத்தன. அழகைப் பற்றி அவர் கவலைப்படவில்லை என்பதே உண்மை.

தடுப்பு விகிதம், கோல் சராசரி என்பவற்றை எப்படிப் புரிந்துகொள்வது?

கோலை நோக்கி வந்த அடிகளில் எத்தனை பங்கு தடுத்தார் என்பது தடுப்பு விகிதம். அறுபது நிமிடத்துக்கு எத்தனை கோல் விட்டார் என்பது சராசரி. பின்னதில் அணியின் தற்காப்பும் கலந்திருக்கிறது. நல்ல தற்காவலர்கள் இருந்தால் அடிகளே குறைவாக வரும். ஆகவே கோல்கீப்பரைத் தனியாக அளக்க விரும்புவோர் முதலாவதைப் பார்ப்பார்கள். ஆட்டத்துக்கு முப்பது அடிகள் என்று வைத்துக்கொண்டால், .900 விகிதம் உள்ளவர் மூன்று கோல் விடுவார், .930 உள்ளவர் இரண்டை ஒட்டி நிறுத்துவார். ஒரு பருவம் முழுவதும் ஆட்டத்துக்கு ஒரு கோல் மிச்சம் என்பது அணியின் தலையெழுத்தையே மாற்றும்.

ஹாஷெக்கின் மொத்த விகிதம் .922. 1998-99 பருவத்தில் .937. அந்தப் பருவச் சாதனையை 2010-11-இல் பாஸ்டனின் டிம் தாமஸ் .938 என முறியடித்தார். அவரும் டிராஃப்டில் 217-ஆவதாகத் தேர்வாகி, ஃபின்லாந்து உட்படப் பல இடங்களில் அலைந்து, முப்பது வயதைத் தாண்டியே நிலைபெற்றவர் என்பது தற்செயலான ஒற்றுமை என்று எனக்குத் தோன்றவில்லை.

ஹாஷெக் 1994, 1995, 1997, 1998, 1999, 2001 ஆகிய ஆறு ஆண்டுகளில் வெசினா கோப்பையும், 1997-இலும் 1998-இலும் ஹார்ட் கோப்பையும் பெற்றார். அதற்கு முன் ஹார்ட் பெற்ற கடைசிக் கோல்கீப்பர், முகமூடிக்குப் புகழ்பெற்ற அதே ஜாக் பிளாண்ட், 1962-இல். 1997-98-இல் கோலே விடாத ஆட்டங்கள் 13. அவற்றுள் ஆறு டிசம்பர் என்ற ஒரே மாதத்தில்.

நாகானோ ஒலிம்பிக்கில் என்ன நடந்தது?

1998 குளிர்கால ஒலிம்பிக்குக்காக என்.எச்.எல். முதன்முறையாகத் தன் பருவத்தை நிறுத்தி, தன் ஆட்டக்காரர்கள் அனைவரையும் நாட்டு அணிகளுக்கு விட்டது. கனடாவும் அமெரிக்காவும் முழுக்க என்.எச்.எல். ஆட்டக்காரர்களைக் கொண்டு வந்தன. செக் அணியில் அப்படிப்பட்டவர்கள் பாதியளவே. காலிறுதியில் செக் அணி அமெரிக்காவை வென்றது. அரையிறுதியில் கனடா. ஆட்டம் முடிய ஒரு நிமிடமே இருக்கும்போது டிரெவர் லிண்டன் கோலடித்து 1-1 ஆக்கினார். கூடுதல் நேரமும் முடிவு தரவில்லை. அணிக்கு ஐவர் ஒருவர்பின் ஒருவராகக் கோல்கீப்பரைத் தனித்து எதிர்கொள்ளும் முறைக்கு ஆட்டம் சென்றது.

செக் அணிக்காக முதலில் சென்ற ராபர்ட் ரைஹெல், கனடாவின் பாட்ரிக் ருவாவைத் தாண்டிக் கோலடித்தார். மறுபுறம் ஃப்ளூரி, போர்க், நியூவெண்டைக், லிண்ட்ராஸ், ஷானஹான் ஆகிய ஐவரும் ஹாஷெக்கை நோக்கி வந்தார்கள். லிண்ட்ராஸின் அடி கம்பத்தில் பட்டு விலகியது. மற்ற நால்வருக்கும் வழியே கிடைக்கவில்லை. கடைசியாக ஷானஹானைத் தடுத்ததும் ஹாஷெக் கைகளை உயர்த்தித் துள்ளிய காட்சி செக் நாட்டில் இன்றும் எல்லாரும் அறிந்தது. அன்று லீக் வரலாற்றில் அதிகக் கோல்கள் அடித்தவராக இருந்த வேய்ன் கிரெட்ஸ்கியை அந்த ஐவரில் ஒருவராகப் பயிற்றுநர் சேர்க்காதது ஏன் என்று கனடாவில் இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இறுதியில் ரஷ்யா. அரையிறுதியில் ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் அடித்த பாவெல் பூரே அங்கே இருந்தார். ஹாஷெக் அவருக்கும் இடம் தரவில்லை. தற்காவலர் பீட்டர் ஸ்வோபோடா தொலைவிலிருந்து அடித்த ஒரே கோலில் செக் அணி 1-0 எனத் தங்கம் வென்றது. ஆறு ஆட்டங்களில் ஹாஷெக் விட்டது ஆறு கோல்கள் மட்டுமே.

1999 ஸ்டான்லி கோப்பை இறுதியில் விழுந்த கோல் ஏன் இன்றும் சர்ச்சையாக இருக்கிறது?

அந்த ஆண்டு விதிப்படி, வட்டு நுழைவதற்கு முன்பே தாக்குபவரின் கால் கோலுக்கு முன்னுள்ள நீலப் பகுதிக்குள் இருந்தால் கோல் செல்லாது. டல்லாஸ் அணிக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தின் மூன்றாம் கூடுதல் பகுதியில், தரையில் கிடந்த ஹாஷெக்கின் மேலாக பிரெட் ஹல் வட்டைத் தள்ளினார். ஹல்லின் இடது கால் நீலப் பகுதிக்குள் இருந்தது கண்கூடு. வட்டு அவருடைய கட்டுப்பாட்டிலேயே தொடர்ந்து இருந்ததால் கோல் செல்லும் என்று லீக் விளக்கமளித்தது. ஆனால் அதற்குள் டல்லாஸ் ஆட்டக்காரர்கள் பனித்தளத்தில் குவிந்து கொண்டாடத் தொடங்கிவிட்டார்கள். 2-1, கோப்பை டல்லாஸுக்கு. அடுத்த பருவத்தில் அந்த விதியே நீக்கப்பட்டது. டல்லாஸின் கோலில் அன்று நின்றவர் சிகாகோவில் ஹாஷெக்கைப் பெஞ்சில் காக்கவைத்த அதே எட் பெல்ஃபோர்.

விதியின் எழுத்துப்படி விளக்கம் சரியாக இருக்கலாம். பருவம் முழுவதும் அதே விதியால் நூலிழைக் கோல்களையெல்லாம் ரத்துசெய்த பிறகு, கடைசி நாளில் மட்டும் தாராளமாக நடந்துகொண்டதைப் பஃபலோ மக்கள் மன்னிக்காததில் நியாயம் இருக்கிறது.

அவர்மீது குறையே இல்லையா?

உண்டு. 1997-இல் 'பிளேஆஃப்' எனப்படும், ஸ்டான்லி கோப்பைக்கான பருவ இறுதிச் சுற்றுகளில் ஒட்டாவாவுக்கு எதிராக முழங்கால் வலியென்று அவர் ஆட்டத்தின் நடுவே விலகினார். காயத்தை ஐயுற்று எழுதிய பத்திரிகையாளரோடு கைகலப்பில் இறங்கி, மூன்று ஆட்டத் தடை பெற்றார். அதே ஆண்டு, மக்களின் அன்பைப் பெற்றிருந்த பயிற்றுநர் டெட் நோலன் திரும்பி வராமலிருப்பதே நல்லது என்று வெளிப்படையாகச் சொன்னார். நோலன் அணியை விட்டுச் சென்றபோது பழி ஹாஷெக்கின் தலையில் விழுந்தது. அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் சொந்த அரங்கிலேயே அவரை நோக்கிக் கூச்சலிட்டார்கள். டிசம்பரில் கோலே விடாத அந்த ஆறு ஆட்டங்கள் வந்தபின் கூச்சல் அடங்கியது.

ஸ்டான்லி கோப்பையை எப்போது வென்றார்?

2002-இல், முப்பத்தேழு வயதில், டெட்ராய்ட் அணியோடு. கோப்பை வெல்லும் வாய்ப்புள்ள அணிக்குச் செல்ல அவரே விரும்பியதால், 2001 கோடையில் பஃபலோ அவரை வியாசெஸ்லாவ் கோஸ்லோவுக்கும் ஒரு முதல் சுற்று வாய்ப்புக்கும் மாற்றாக அனுப்பியது. அந்தப் பருவத்தில் 41 வெற்றிகள். அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ருவா நின்ற கொலராடோ அணியை டெட்ராய்ட் 7-0 எனச் சாய்த்தது; இறுதியில் கரோலினா வீழ்ந்தது. கோப்பையைத் தூக்கியதும் ஓய்வை அறிவித்தார்.

பிறகு ஏன் மீண்டும் மீண்டும் திரும்பி வந்தார்?

ஆசை ஒருபுறம், தொடை இடுக்கு மறுபுறம். இருபதாண்டுகளாக விரிந்து விழுந்த இடுப்பும் தொடை இடுக்குத் தசைகளும்தான் கோல்கீப்பர்களின் வாழ்க்கையை முடித்துவைப்பவை; ஹாஷெக்கின் முறையில் அந்தச் சுமை இன்னும் கூடுதல். 2003-04-இல் டெட்ராய்டுக்குத் திரும்பி, 14 ஆட்டங்களில் தொடை இடுக்கு விட்டுக்கொடுக்க, ஆடாத காலத்துக்கான சம்பளம் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். இப்படிச் செய்தவர் தொழில்முறை விளையாட்டில் அரிது. 2005-06-இல் ஒட்டாவாவுக்கு அருமையாக ஆடிக்கொண்டிருந்தபோது, டூரின் ஒலிம்பிக்கின் முதல் ஆட்டத்திலேயே, பத்து நிமிடம் ஆகும் முன், தொடைத் தசை கிழிந்தது. அந்தப் பருவத்தில் ஒட்டாவாவுக்கு அவர் மறுபடி ஆடவில்லை.

2006-07-இல் டெட்ராய்டிலேயே நாற்பத்திரண்டு வயதில் 38 வெற்றிகள் பெற்றார். அடுத்த ஆண்டு பிளேஆஃபின் முதல் சுற்றில், நாஷ்வில்லுக்கு எதிராகத் தடுமாறிய அவரை எடுத்துவிட்டு கிறிஸ் ஆஸ்குட்டைப் பயிற்றுநர் நிறுத்தினார். ஆஸ்குட் கோப்பை வரை போனார். பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஃபியூருக்கு நேர்ந்தது இப்போது ஹாஷெக்குக்கு. அவருடைய பெயரும் கோப்பையில் இரண்டாவது முறை பொறிக்கப்பட்டது, ஆனால் கடைசி ஆட்டங்களைப் பெஞ்சிலிருந்து பார்த்தார். முணுமுணுக்கவில்லை, 2008 ஜூனில் ஓய்வு என்றார்.

அதுவும் நிலைக்கவில்லை. 2009-இல் சொந்த ஊர் அணிக்குத் திரும்பி, 2010-இல் நாற்பத்தைந்து வயதில் பார்துபிட்ஸெவுக்கு மீண்டும் பட்டம் பெற்றுத் தந்தார். பின்னர் மாஸ்கோவின் ஸ்பார்டாக் அணியில் ஒரு பருவம். 2012 அக்டோபரில்தான் உண்மையான, கடைசி அறிவிப்பு வந்தது.

ருவா, புரோடியூர், ஹாஷெக்: யார் பெரியவர்?

வெற்றிகளின் எண்ணிக்கையில் புரோடியூரை நெருங்க முடியாது: 691 வெற்றிகள், கோல் விடாத 125 ஆட்டங்கள். ஒரு தலைமுறைக் கோல்கீப்பர்களுக்கே வடிவம் கொடுத்தவர் என்ற வகையில் ருவாவுக்கு இணையில்லை. ஆனால் அந்த இருவரின் அணிகளும் வலுவானவை. பஃபலோ அப்படியன்று, அந்த அணியிலிருந்து ஹாஷெக்கை எடுத்துவிட்டால் எஞ்சுவது நடுத்தரமான அணிதான். ஒரே ஓர் ஆட்டத்துக்கு ஒருவரை நிறுத்த வேண்டுமென்றால் நான் ஹாஷெக்கின் பெயரைச் சொல்வேன். இருபது ஆண்டுகளுக்கு நிறுத்த வேண்டுமென்றால் புரோடியூர்.

அவருக்குப் பின்னாளில் கிடைத்த சிறப்புகள் யாவை?

2014 நவம்பரில் டொரன்டோவிலுள்ள ஹாக்கி புகழ் மன்றத்தில் சேர்க்கப்பட்டார். 2015 ஜனவரி 13 அன்று பஃபலோ அணி அவருடைய 39-ஆம் எண்ணை வேறு யாருக்கும் இனித் தருவதில்லை என அறிவித்து, அந்தச் சட்டையை அரங்கின் கூரையில் ஏற்றியது. சிறுகோள் ஒன்றுக்கும் அவர் பெயர் உண்டு. அதன் வரிசை எண் 8217. ரஷ்யா 2022-இல் உக்ரைன்மீது படையெடுத்த பின், ரஷ்ய ஆட்டக்காரர்களை என்.எச்.எல். ஆடவிடக் கூடாது என்று வாதிட்டு வருகிறார். மாஸ்கோவில் ஒரு பருவம் ஆடியவர் இப்படிப் பேசலாமா என்று கேட்போரும் உண்டு.